ஊமத்தை நஞ்சு: தூக்க ஊசியா, முறிமருந்தா?

ஊமத்தங்காயைத் தின்றுவிட்ட சிறுவன், மனநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிய இளைஞர், அலர்ஜிக்கு வாங்கி வைத்திருந்த அவில் மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொண்ட பெண். இந்த மூவரும் கேசுவால்டிக்கு வரும்போது ஏறத்தாழ ஒரே கோலத்தில்தான் இருப்பார்கள். முகம் சிவந்து, உதடு காய்ந்து, கண்மணி விரிந்து, நாடி எகிறி, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டு, கட்டிலில் இருந்து இறங்கி ஓடப் பார்ப்பார்கள். விழுங்கிய பொருள் வேறு வேறு. உடலுக்குள் நடப்பது ஒன்று. மருத்துவ நூல்கள் இதை ஆன்டிகோலினெர்ஜிக் நச்சு என்கின்றன.

இவர்களை எதைக் கொடுத்து அமைதிப்படுத்துவது என்ற முடிவை நோயாளி வந்த சில நிமிடங்களிலேயே டூட்டி டாக்டர் எடுத்தாக வேண்டும். ஐந்து வழிகள் பேசப்படுகின்றன: மனநோய் மருந்தான ஹாலோபெரிடாலும் அலர்ஜி மருந்தான பெனர்கானும் சேர்ந்த ஊசி, டயஸிபாம் வகைத் தூக்க ஊசிகள், ஃபைசோஸ்டிக்மின் என்ற முறிமருந்து, அது கிடைக்காத இடத்தில் ரிவாஸ்டிக்மின், பிறகு பாம்புக்கடிக்காக வைத்திருக்கும் நியோஸ்டிக்மின். இவற்றில் இரண்டை இந்த நோயாளியிடம் கொண்டுபோகவே கூடாது. மற்ற மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் என் தேர்வைச் சொல்கிறேன். ஆனால் நோயை அடையாளம் காண்பதில் பிழை நேர்ந்தால் மருந்துத் தேர்வு எதுவும் உதவாது என்பதால் அதில் இருந்து தொடங்குகிறேன்.

முதலில், இது அதுதானா?

ஊமத்தையில் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்ற மூன்று நச்சுகள் இருக்கின்றன. வேர் முதல் விதை வரை எல்லாப் பாகத்திலும் உண்டு. நரம்பு அனுப்பும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் போய் உட்கார வேண்டிய இடங்களில் இவை போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் வியர்வை, எச்சில், கண்ணீர் வற்றுகின்றன. கண்மணி விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்காமல் நிற்கிறது. குடல் ஓய்ந்துவிடுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பினாலும் சிறுநீர் இறங்குவதில்லை. வியர்க்க வழி இல்லாததால் உடல் கொதிக்கிறது. மூளைக்குள் இதே அடைப்பு நேரும்போது பிதற்றல் தொடங்குகிறது.

அந்தப் பிதற்றலுக்கு ஒரு தனி முகம் உண்டு. நம் நாட்டுத் தடயவியல் மருத்துவ நூல்கள் இதை மிகத் துல்லியமாக எழுதி வைத்திருக்கின்றன. நோயாளி தன் விரல் நுனியில் இருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருப்பார். இல்லாத ஊசியில் அந்த நூலைக் கோப்பார். போர்வையில் இருந்து எதையோ பொறுக்கி எடுப்பார். பேச்சு முணுமுணுப்பாக, வாயில் உருண்டையை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழறும். காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டுவதும் அதற்கு ஒரு காரணம். சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கணம் திரும்பிப் பார்த்துச் சரியாகப் பதில் சொல்வார். அடுத்த கணம் நூலுக்குப் போய்விடுவார். இதைக் கண்டுதான் குடும்பத்தார் சில சமயம் பேய் பிடித்தது என்று எண்ணி, மருத்துவமனைக்கு வரும் முன் வேறு வாசல்களுக்குப் போய் நேரத்தை இழந்துவிடுகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நோயாளியின் அக்குளில் கையை வைத்துப் பாருங்கள். காகிதம் போலக் காய்ந்திருந்தால் இந்த நச்சின் பக்கம் சாயலாம். நாடி வேகமும் விரிந்த கண்மணியும் ஆம்பெட்டமின் வகைப் போதையிலும் வரும், ஆனால் அங்கே உடல் நனைந்திருக்கும். குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் வரும் பிதற்றலில் வியர்வை கொட்டும், கை நடுங்கும். தமிழ்நாட்டு வார்டுகளில் அதிகம் குழப்புவது இதுதான். அக்குளுக்கு அடுத்தபடி ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வையுங்கள், குடல் ஓசை கேட்காது. அடிவயிற்றைத் தட்டிப் பாருங்கள், சிறுநீர்ப்பை புடைத்திருக்கும். மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இரண்டு நோய்கள் மட்டும் இந்தச் சோதனையையும் ஏமாற்றக் கூடியவை. ஒன்று வெப்பவாதம், சித்திரை வெயிலில் வேலை செய்தவர் காய்ந்த தோலோடும் பிதற்றலோடும் வரலாம். ஆனால் அவருக்குக் கண்மணி இப்படி விரிந்து நிற்பதோ சிறுநீர் அடைப்பதோ வழக்கமில்லை. மற்றொன்று மூளைக்காய்ச்சல். காய்ச்சலும் உளறலும் உள்ள குழந்தையிடம் ஊமத்தை தின்றதற்கான தெளிவான சான்று இல்லை என்றால், மூளைக்காய்ச்சலுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

சான்று என்று சொல்லும்போது விதையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாந்தியில் விதை கிடந்தால் ஊமத்தையா, மிளகாயா என்ற கேள்வி உடனே எழும். இரண்டும் தட்டையாக, ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். மிளகாய் விதை வெளிர் மஞ்சள், வழவழப்பு. ஊமத்தை விதை பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், மேற்பரப்பில் குழி குழியாக இருக்கும், வளைந்த ஓரத்தில் இரட்டை விளிம்பு தெரியும். நீளவாக்கில் பிளந்தால் மிளகாய் விதையின் முளை உள்நோக்கிச் சுருண்டிருக்கும், ஊமத்தையில் வெளிநோக்கி வளைந்திருக்கும். வீட்டார் இலையோ காயோ மாத்திரை அட்டையோ கொண்டுவந்திருந்தால் அதைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே உணவை உண்ட பலர் ஒரே நேரத்தில் இந்தக் கோலத்தில் வந்தால் உணவில் கலப்பு என்று எண்ண வேண்டும். 2019 மார்ச், ஏப்ரல் மாதங்களில் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் உதவியாக வழங்கிய சத்துமாவில் ஊமத்தை வகைச் செடியின் நச்சு கலந்திருந்தது. சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டு, 5 பேர் இறந்தார்கள்.

பலர் நினைவில் வைக்காத ஒரு வழி கண் சொட்டு மருந்து. 1 சதவீத அட்ரோபின் சொட்டில் ஒரு மில்லிக்கு 10 மி.கி. இருக்கிறது. ஒரு சொட்டிலேயே ஏறத்தாழ அரை மி.கி. சேர்ந்துவிடும். கண் பரிசோதனைக்குப் போய்வந்த சிறு குழந்தை அன்று மாலை முகம் சிவந்து உளறினால் சொட்டு மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

ஹாலோபெரிடாலும் பெனர்கானும் ஏன் வேண்டாம்

கட்டுக்கடங்காத நோயாளிக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் போடுவது நம் மருத்துவமனைகளில் ஊறிப்போன வழக்கம். வழக்கத்துக்கு நல்ல ஆதாரமும் உண்டு. மனநோயால் வன்முறையாக நடந்துகொள்வோருக்கு இந்தக் கூட்டு நன்றாக வேலை செய்கிறது என்பதை வேலூரில் நடத்திய ஆய்வே காட்டி, 2004-இல் வெளியானது. ஆனால் ஊமத்தை நோயாளிக்கு அந்த ஆதாரம் பொருந்தாது. பெனர்கான் என்று நாம் அழைக்கும் புரோமெதசின் தானே ஒரு ஆன்டிகோலினெர்ஜிக் மருந்து. ஏற்கெனவே அடைபட்டிருக்கும் இடத்தில் மேலும் ஒரு அடைப்பை வைக்கிறோம். ஹாலோபெரிடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், உடல் சூட்டைத் தணிக்கும் ஒழுங்கைக் கெடுக்கும், ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் ஓய்வுக்குத் திரும்பும் நேரத்தை, நீட்டும். இந்த நோயாளிக்கு வரக் கூடிய ஆபத்துகளும் ஏறக்குறைய இவையேதான். குளோர்புரோமசினுக்கும் இதே பதில்.

அக்குளைத் தொட்டுப் பார்க்காமல் இந்த ஊசியைப் போடக் கூடாது என்று ஒரு வரியை ஒவ்வொரு கேசுவால்டியின் சுவரிலும் எழுதி ஒட்டலாம் என்பேன்.

நியோஸ்டிக்மின் என்ற ஏமாற்றம்

பாம்புக்கடி சிகிச்சைக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட நியோஸ்டிக்மின் இருக்கும். அதுவும் அசிடைல்கோலினைக் கூட்டும் மருந்துதானே, இங்கே உதவாதா என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது மூளைக்குள் நுழைவதில்லை. குடல் அசையும், நாடி இறங்கும், எச்சில் ஊறும். பிதற்றல் அப்படியே இருக்கும். நோயாளியைத் துன்புறுத்துவது பிதற்றல்தான் என்பதால் இதை இந்த வேலைக்கு எடுப்பதில் பொருளில்லை.

தூக்க ஊசியும் முறிமருந்தும்

உண்மையான போட்டி டயஸிபாம் குடும்பத்துக்கும் ஃபைசோஸ்டிக்மினுக்கும் இடையில்தான்.

டயஸிபாம், லோரசிபாம், மிடசோலாம் எல்லா இடத்திலும் கிடைக்கும், எல்லா நர்ஸுக்கும் பழக்கம். வலிப்பைத் தடுக்கும், தசை திமிறலைத் தணிக்கும், அதன் வழியாகச் சூட்டையும் குறைக்கும். நோயைத் தவறாகக் கணித்திருந்தாலும் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. குடியை நிறுத்தியதால் வந்த பிதற்றலாக இருந்தால் அதற்கும் இதுவே மருந்து. இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன். குறை என்னவென்றால் இது நச்சை எதிர்ப்பதில்லை. நோயாளி தூங்குவார், விழித்ததும் மறுபடி நூல் இழுப்பார். மறுபடி ஊசி. இப்படி ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு மந்தமாகி, செயற்கை சுவாசக் குழாய் போட வேண்டிய நிலை வரும்.

ஃபைசோஸ்டிக்மின் மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரையில் இருந்து வந்தது. 1864-இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டிலேயே பிராக் நகரில் க்ளைன்வாக்டர் என்ற மருத்துவர் அந்த அவரைச் சாற்றை அட்ரோபின் நச்சுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். இந்த மருந்து மூளைக்குள் நுழையும். பெரியவர்களுக்கு 1 முதல் 2 மி.கி., குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.02 மி.கி. வீதம் ஒரு முறைக்கு அதிகபட்சம் 0.5 மி.கி., குறைந்தது ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக நரம்பில் ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் நோயாளி தெளிந்து, தான் என்ன தின்றேன் என்று தானே சொல்வார். அந்த மாற்றம் நோயைக் கணித்தது சரி என்பதையும் உறுதிசெய்துவிடும். தலை ஸ்கேன், முதுகுத்தண்டில் நீர் எடுப்பது போன்ற சோதனைகள் தேவையில்லாமல் போகலாம்.

2000-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டையும் 52 நோயாளிகளின் பதிவுகளில் ஒப்பிட்டது. திமிறலை அடக்குவதில் ஃபைசோஸ்டிக்மின் 96 சதவீதம் வென்றது, டயஸிபாம் வகை 24 சதவீதம். பிதற்றலைப் போக்குவதில் 87 சதவீதம், எதிரே பூஜ்யம். பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்த ஆய்வுதான், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த சோதனை அல்ல. ஆனாலும் அந்தப் பூஜ்யம் என்னை யோசிக்க வைக்கிறது. தூக்கத்தைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

அப்படியானால் ஏன் உலகம் முழுவதும் தயங்குகிறார்கள்? 1980-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை. அமிட்ரிப்டிலின் வகை மன அழுத்த மருந்தை அதிகம் விழுங்கிய இருவருக்கு ஃபைசோஸ்டிக்மின் கொடுத்தபோது இதயம் நின்றுபோனதை அது பதிவுசெய்தது. அதன் பிறகு பயம் எல்லா நோயாளிகளுக்கும் பரவிவிட்டது. என் கருத்தில் பயம் இருக்க வேண்டிய இடம் ஈசிஜி. அதில் க்யூஆர்எஸ் என்ற அலை (இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் பரவும் நேரத்தைக் காட்டுவது) அகன்றிருந்தால், இதயத்துடிப்பு மெதுவாக இருந்தால், இதயத்தில் மின்தடை இருந்தால், ஆஸ்துமா முற்றியிருந்தால் இந்த மருந்து வேண்டாம். ஊமத்தையோ டிரைஹெக்சிஃபெனிடிலோ மட்டும் உண்டு, ஈசிஜி சுத்தமாக, மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, அட்ரோபின் ஊசி பக்கத்தில் தயாராக இருந்தால், கொடுப்பதே சரி. வேகமாக ஏற்றினால் வலிப்பு வரலாம். ஒரு மணி நேரம் போல வேலை செய்துவிட்டு இறங்கும். ஊமத்தை நச்சு ஒரு நாளோ இரண்டு நாளோ நீடிக்கும். எனவே மீண்டும் கொடுக்க வேண்டி வரலாம்.

பிரச்சினை வேறு இடத்தில். நம் அரசு மருத்துவமனை அலமாரிகளில் இந்த மருந்தைப் பார்ப்பதே அரிது. அமெரிக்காவில் இதைத் தயாரித்துவந்த ஏகார்ன் நிறுவனமும் 2023 பிப்ரவரியில் மூடிவிட்டது. அங்குள்ளவர்களும் மாற்றுத் தேடத் தொடங்கினார்கள்.

ரிவாஸ்டிக்மின்

அந்த மாற்று நம் ஊர் மருந்துக் கடையிலேயே இருக்கிறது. முதியோரின் ஞாபக மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின், கேப்சூலாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைக்கிறது. இதுவும் மூளைக்குள் போய் அசிடைல்கோலினைக் கூட்டும். வெளியான நோயாளி விவரங்களில் 6 மி.கி. வாய்வழியாகவும், சிலருக்கு 24 மணி நேரத்துக்கு 9.5 மி.கி. தரும் பட்டையாகவும் கொடுத்திருக்கிறார்கள். வாய்வழி மருந்து வேலை செய்ய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பட்டைக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வேலை செய்யத் தொடங்கினால் ஃபைசோஸ்டிக்மினைவிட நீண்ட நேரம் நிற்கும் என்பது ஊமத்தைக்கு நல்ல பொருத்தம். பட்டையில் இன்னொரு வசதி, நாடி மிகவும் இறங்கினால் உரித்துவிடலாம்.

ஆதாரம் இன்னும் மெலிந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் விவரங்கள்தான். பிதற்றும் நோயாளி கேப்சூலை விழுங்க மாட்டார். மூக்கு வழிக் குழாய் போட்டால் பிடுங்கிவிடுவார். ஓய்ந்த குடல் மருந்தை எப்போது உறிஞ்சும் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே முதலில் லோரசிபாம் 2 மி.கி. அல்லது டயஸிபாம் 5 முதல் 10 மி.கி. கொடுத்து ஆளை அமைதியாக்கி, ஈசிஜி பார்த்து, பிறகு ரிவாஸ்டிக்மினைத் தொடங்குவது என் தேர்வு. மானிட்டரும் இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ இது பொருந்தும். தாலுகா மருத்துவமனையில் டயஸிபாமை அளவோடு கொடுத்து, கீழே சொல்லும் பராமரிப்பைச் செய்து, 108-இல் மேலே அனுப்புவது நல்லது. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை எந்த நேரத்திலும் தொலைபேசியில் கேட்கலாம்.

பூச்சிமருந்து நோயாளிக்கு இந்த ஒப்பீடு செல்லாது

அசிடைல்கோலினை மிதமிஞ்சிக் கூட்டும் வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவருக்கு, அதற்கு முறிமருந்தான அட்ரோபினைச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருக்கும்போது, இரண்டாம் நாள் அவரும் நூல் இழுக்கத் தொடங்கலாம். சூடு ஏறி, குடல் ஓசை நின்று, பிதற்றினால் அது அட்ரோபின் மிஞ்சியதன் அடையாளம். இவருக்கு ஃபைசோஸ்டிக்மினோ ரிவாஸ்டிக்மினோ கொடுத்தால், பூச்சிமருந்து செய்துகொண்டிருக்கும் வேலையையே நாமும் சேர்ந்து செய்தவர்களாவோம். இங்கே செய்ய வேண்டியது சொட்டை நிறுத்துவது. அரை மணிக்கு ஒரு முறை நெஞ்சையும் நாடியையும் பார்த்து, பிதற்றல் அடங்கியதும் முன்பிருந்த வேகத்தில் 70 முதல் 80 சதவீதத்தில் மீண்டும் தொடங்க வேண்டும். இலங்கையில் ஆயிரக்கணக்கான பூச்சிமருந்து நோயாளிகளைப் பார்த்த எடில்ஸ்டன் குழுவினர் 2004-இல் எழுதிய வழிமுறை இதுதான். இளம் மருத்துவர்களுக்காகவே எழுதியது.

எந்த மருந்தைத் தேர்ந்தாலும்

சிறுநீர்க் குழாயை முதலிலேயே போடுங்கள். புடைத்த சிறுநீர்ப்பையின் வலியே பாதித் திமிறலுக்குக் காரணமாக இருக்கும், ஆனால் நோயாளியால் அதைச் சொல்ல முடியாது. சூட்டுக்கு பாராசிட்டமால் உதவாது. உடலில் தண்ணீர் தெளித்து மின்விசிறியைத் திருப்பி விடுங்கள், ஏனென்றால் வராத வியர்வையை நாம்தான் வெளியில் இருந்து கொடுக்க வேண்டும். கயிற்றால் கட்டிப்போட்டால் அதை எதிர்த்துத் திமிறியே தசை சிதைந்து சிறுநீரகம் கெடும். விளக்கைக் குறைத்து, தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது. க்யூஆர்எஸ் அகன்றிருந்தால் சோடியம் பைகார்பனேட் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி ஈக்விவலண்ட். வலிப்பு வந்தால் டயஸிபாம்தான், பெனிடாயின் வேண்டாம். நச்சை உறிஞ்சும் கரித்தூளை நோயாளி விழிப்போடு, தானே குடிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் கொடுக்கலாம். பிதற்றுபவரின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

வீட்டில் இருப்பவர்கள் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், எலுமிச்சைச் சாறு, காபி கொடுப்பது எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, செடியையோ அட்டையையோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிதற்றல் தெளிந்து, உதவியில்லாமல் சிறுநீர் கழித்து, முறிமருந்தின் வேகம் இறங்கிய பிறகும் தெளிவாகவே இருக்கிறார் என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். ஊமத்தை தின்றவரை ஒரு முழு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரையை வேண்டுமென்றே விழுங்கியவரை மனநல மருத்துவர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. கண்மணி சுருங்க ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்காகப் படுக்கையில் வைத்திருக்கத் தேவையில்லை. கிட்டத்துப் பார்வை தெளியும் வரை வண்டி ஓட்டக் கூடாது, வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் புத்தகம் படிக்கச் சிரமமாக இருக்கும் என்பதை ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.